முதல் வரியில் வெற்றி

வேலை முடிந்த பிறகுதான் வெற்றி வரும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருந்தது. அந்த மூடநம்பிக்கையை ஒழித்த பெருமை மதுரைக்கு, அதிலும் திருப்பரங்குன்றம் சாலையில் இருந்த தென்கரைக் கூட்டுறவு நூற்பாலைக்கு உரியது. அங்கே வெற்றி முதலில் வந்துவிடும். வேலை தனக்கு வசதிப்பட்ட நேரத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இந்தப் புரட்சியைத் தன் விரல்களாலேயே நடத்தி வைத்தவள் ராதாமணி. வயது இருபத்தாறு. பட்டப்படிப்பு, அதற்குமேல் சென்னையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சி, கையில் "தற்காலிக" நியமன உத்தரவு. தற்காலிகம் என்பது அந்த ஆலையில் ஒரு பருவம் மாதிரி. சிலருக்கு அது ஆயுள் முழுக்க நீடிக்கும்.

எண்பத்தாறாம் ஆண்டு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று தனி அறை, ஏ.சி., கண்ணாடிக் கதவு. கதவில் "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை. ஆலைக்குள் பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான மனிதர்களுக்கு வாய்க்காத சுத்தமான காற்று அந்த ஒரு மெஷினுக்கு வாய்த்தது. நன்றிக்கடனாக அது அவர்களுடைய வருகையைத் தன் நெஞ்சில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

திறப்பு விழாவுக்கு ஆலையின் தலைவர் காசிமாயன் வந்திருந்தார். மேற்கே நஞ்சை புஞ்சையோடு வாழ்ந்த குடும்பம், இப்போது கோச்சடையில் மாடி வீடு. தேங்காயை வெளியில் உடைத்துவிட்டு உள்ளே வந்து கம்ப்யூட்டர் திரையின் முன் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய மெஷினுக்கு நம்மளத் தெரியுமா?"

"பேரைப் போட்டாத் தெரிஞ்சுக்கும் சார்."

"அப்பப் போடு. காசிமாயன்."

ராதாமணி போட்டாள். நிரந்தரத் தொழிலாளியா, பதிலித் தொழிலாளியா என்று மெஷின் கேட்டது. உலகில் இந்த இரண்டு சாதிகள்தான் உண்டு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நிரந்தரம் என்றால் உத்தரவு எண் வேண்டும், பதிலி என்றால் இரண்டு வருஷ வருகைக் கணக்கு வேண்டும். தலைவருக்கு ஏது உத்தரவு எண்? மேனேஜர் லட்சுமிநாராயணன் குனிந்து, "சும்மா மாதிரிக்குத்தானே, பதிலின்னு போடு" என்றார்.

"எத்தனை நாள் வந்ததாப் போடட்டும் சார்?"

"குறைச்சலாப் போடாதே. ரெண்டு வருஷமும் முழுசாப் போடு. தலைவர் வராத நாள் ஏது?"

தலைவர் அடக்கமாகத் தலையசைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். டேப் சுழன்றது. கம்ப்யூட்டரில் இருப்பதை எல்லாம் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளும் காந்த நாடா அது. மெஷின் என்றைக்காவது படுத்துவிட்டால் இந்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம் என்று சென்னையிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் விளக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இவ்வளவு அருமையான பொருளை மேசைமேல் போட்டு வைக்க முடியுமா? டேப்பின் உறைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேனேஜர் அறையின் இரும்புப் பெட்டகத்தில் வைத்தார்கள். இரட்டைப் பூட்டு. ஒரு சாவி மேனேஜரிடம், மற்றது கோச்சடையில். இயக்குநர் குழுவின் தீர்மானம் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது என்று அன்றே தீர்மானம் ஆயிற்று. பழைய வருகைப் பதிவேடுகளை எடைக்குப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஆலை வாசலில் கடலை விற்றவன் அவற்றில்தான் பொட்டலம் மடித்தான். தொழிலாளிகள் தங்கள் வருகையிலேயே கடலை வாங்கித் தின்றார்கள். நவீனமயம் என்பது இப்படித்தான், எந்தப் பொருளையும் வீணாக்காது.

மறுநாள் ராதாமணி மெஷினிலிருந்து தலைவரை நீக்கிவிட்டு, மெய்யான தொழிலாளிகளின் பெயர்களை ஏற்றத் தொடங்கினாள். சாயங்காலம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதி ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட்டால் போதும். அந்தப் பெயரைத் தட்டினால் மெஷின் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். டேப்பைப் பார், நகலெடு, சரியாக வந்ததா என்று சோதி, வந்திருந்தால் மட்டும் கடைசி வரியில் "பேக்கப் சக்ஸஸ்ஃபுல்" என்று சொல். அவள் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அது. எழுதி முடித்ததும் கோலம் பிசகாமல் மூடியது போல ஒரு நிறைவு.

தட்டினாள். "டேப் இல்லை" என்றது மெஷின்.

மேனேஜரிடம் போனாள்.

"சார், டேப்பு வேணும்."

"டேப்புதான் பத்திரமா இருக்கே."

"பெட்டகத்துல இருந்தா எப்படி சார்? மெஷினோட ட்ரைவ்ல போட்டாத்தான் பேக்கப் ஆகும்."

"தினமும் போட்டு எடுத்தாத் தேஞ்சு போயிடும்மா. நகைய லாக்கர்ல வைக்கறதே தினமும் போட்டுக்காம இருக்கத்தானே?"

"அப்ப வேற டேப் வாங்கிரலாம் சார்."

விண்ணப்பம் மேலே போயிற்று, மூன்று கடைகளின் விலைப்புள்ளிகளோடு. மூன்று மாதம் கழித்துத் தணிக்கைக் குறிப்போடு திரும்பியது. "கையிருப்பில் உள்ள டேப் திறப்பு விழாவுக்குப் பின் ஒருமுறையும் பயன்படுத்தப்படாத நிலையில், இரண்டாவது டேப்புக்கான தேவை நிறுவப்படவில்லை." தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ராதாமணி இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

ஆனால் மேலிடத்திலிருந்து வந்திருந்த சுற்றறிக்கையிலும் ஓட்டை இல்லை. தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், முடிவை அச்சிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். ஆகவே தினமும் சாயங்காலம் ஸ்கிரிப்ட் ஓடியது. "டேப் இல்லை" என்று அச்சாகியது. கோப்பு தடித்துக்கொண்டே போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை தலைவர் வந்திருந்தபோது அந்தக் காகிதம் பிரின்டரிலிருந்து சடசடவென்று இறங்கியது. மேனேஜர் படித்துக் காட்டினார். தலைவரின் முகம் மாறியது.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இல்லைங்குது. வெள்ளிக்கெழம வேற. எங்க வீட்ல அந்த நேரத்துக்கு உப்பு தீந்தாக்கூட இல்லைன்னு சொல்ல மாட்டாக."

"அதை நிறுத்திரலாமா?" என்று மேனேஜர் ராதாமணியைப் பார்த்தார்.

நிறுத்தலாம். மெஷினை நடத்துகிற யூனிக்ஸில் அதற்கு வழி உண்டு. பிழைச் செய்திகளை எல்லாம் ஒரு குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடலாம். எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாத தொட்டி. அதன் பெயர் 'நல்', இங்கிலீஷில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். மேனேஜருக்குப் பெயர் பிடித்துப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட் ஓடியது. மெஷின் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப என்ன, ஊமையாயிருச்சா?" என்றார் தலைவர்.

"நல்லபடியா முடிஞ்சாத்தான் சார் சொல்லும். கடைசி வரியில வெச்சிருக்கேன்."

"கடைசியில எதுக்கும்மா வெக்கிற? களத்துல நெல்லு அளக்குறமே, மொத மரக்காலுக்கு ஒண்ணுன்னா சொல்றோம்? லாபம்னுதான ஆரம்பிக்கிறோம். லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். நீயும் நல்லதை மொதல்ல சொல்லிட்டு அப்பறம் அளந்து போடு."

"அளக்கறதுக்கு முன்னாடி அளந்தாச்சுன்னு சொல்றதா ஆயிடும் சார்."

தலைவர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அவரும் ராதாமணியும் சௌராஷ்டிரக் குடும்பங்கள். அலுவலகத்தில் தமிழில் பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குப் புரியக் கூடாதது எதையாவது சொல்லும்போது மட்டும் வீட்டுப் பாஷைக்கு மாறுவார். இப்போது மாறினார். உன் நிரந்தர உத்தரவு இந்த மாதக் கூட்டத்தில் வருகிறது, ஞாபகம் இருக்கட்டும் என்றார். தாய்மொழியில் கேட்கும்போது மிரட்டல்கூட அக்கறை மாதிரிதான் இருந்தது.

அவள் கடைசி வரியை வெட்டி முதல் வரியில் ஒட்டினாள். அன்று முதல் அந்தப் பெயரைத் தட்டிய கணமே "பேக்கப் சக்ஸஸ்ஃபுல்" என்று மெஷின் முழங்கியது. அதன் பிறகு காலி ட்ரைவைத் துழாவியது, கிடைக்காததை 'நல்'லுக்குச் சொல்லியது, அடங்கியது. ஒரு நாள் தவறவில்லை, வெற்றிகளுக்கென்று புதுக் கோப்பும் திறந்தார்கள். ஆண்டு விழாவில் அவளுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். நிரந்தர உத்தரவு அந்த மாதக் கூட்டத்திலிருந்து அடுத்த மாதத்துக்கும் அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் மரியாதையாக நகர்ந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் அந்த வரி அவளைச் செருப்பில் ஏறிய கல் போல உறுத்தியது. இரண்டாம் வாரம் உறுத்தவில்லை. மூன்றாம் மாதம், அந்த வரி வந்ததும் மனசுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வருவதைக் கவனித்தாள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா, "ஆபீஸ்ல எல்லாம் சௌகரியம்தானே" என்று கேட்பாள். கேள்வி முடியுமுன் "சௌகரியம்" என்று இவள் வாய் சொல்லியிருக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்றாம் முறையாக ஒன்றும் சொல்லாமல் போன அன்றும் சௌகரியம்தான். அதற்குப் பின்னால் உள்ளே எது எதைத் துழாவியது, எது கிடைக்கவில்லை என்பது எந்தத் தொட்டிக்குப் போனது? ஸ்கிரிப்டில் தான் செய்தது புதிதல்ல, தன்னை எழுதியவர்களும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியதை அவள் மேலே தொடரவில்லை. பஸ் வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒச்சாயி வந்து நிற்பாள். நூல் சுற்றும் பிரிவில் ஆறு வருஷமாகப் பதிலி. நிரந்தரத் தொழிலாளி எவராவது வராமல் போனால் அந்த இடத்தில் நிற்கிற வேலை. தினமும் விடியுமுன் ஆலை வாசலில் கூட்டத்தோடு நின்று கை தூக்க வேண்டும். மேஸ்திரி விரல் நீட்டினால் உள்ளே, இல்லையென்றால் வந்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வருஷத்தில் போதுமான நாள் வந்திருக்கும் பதிலிகளைச் சித்திரை முடிவில் நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. கம்ப்யூட்டர் பட்டியலே இறுதியானது.

"எம் பேரு உள்ள பத்திரமா இருக்கா தாயி?"

"இருக்கு ஒச்சாயி. பட்டியல்ல நீதான் மொத ஆளு. ஒரு நாள்கூட விடலையே நீ."

"காச்சலோட வந்தேன்ல, அந்த நாளும் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"பஞ்சு பறக்குற மாதிரி பறந்து போயிராதே?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. தினமும் சாயங்காலம் நகல் எடுத்து வெக்கிறோம்."

நாக்கு முந்திக்கொண்டது. ஒச்சாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். ராதாமணியின் டிபன் பாக்ஸில் பாதிச் சோறு மிச்சமானது.

அன்று பிற்பகல் அவள் மேனேஜரிடம் மறுபடியும் போனாள்.

"சார், ஒரே ஒரு தடவ டேப்ப எடுத்து மீட்டுப் பாத்துரலாம். அப்படியே புதுசா ஒரு பேக்கப்பும் எடுத்துரலாம். பட்டியல் வர நேரம்."

"எதை மீட்கறது? எது போச்சு?"

"போகலை சார். போனா மீட்க முடியுமான்னு ஒரு சோதனை."

லட்சுமிநாராயணன் பேனாவை மூடி வைத்தார். "வீட்ல பெரியவர் நல்லா நடமாடிட்டிருக்கார். மூங்கில் வாங்கிட்டு வந்து, சும்மா கட்டிப் பாக்கறோம், அளவு சரியா இருக்கான்னு பாக்கறதுக்குன்னு சொல்லுவியா?"

சாயங்காலம் ராதாமணி வழக்கம் போல ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினாள்.

சித்திரை வந்தது. மதுரை வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேலிடத்து அதிகாரி ஒருவர் திருவிழா பார்க்கக் குடும்பத்தோடு வந்து ஆலையின் விருந்தினர் மாளிகையில் தங்கினார். அதிகாரிக்கு வியர்த்தது. மெஷினுக்கு வியர்க்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கம்ப்யூட்டர் அறையின் ஏ.சி.யைக் கழற்றி அவருக்கு மாட்டினார்கள். மெஷினை நிறுத்தி வைக்கலாம் என்று ராதாமணி சொன்னாள். நிறுத்தினால் அன்றைய வெற்றி அச்சாகாதே என்றார் மேனேஜர்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் மெஷினுக்குள்ளிருந்து இரும்பை அரத்தால் ராவுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை. சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷினைத் திறந்து பார்த்து, எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்த டிஸ்க் கீறிப் போயிருக்கிறது, அதிலிருந்து ஓர் எழுத்துக்கூடக் கிடைக்காது என்றார். புது டிஸ்க் மாட்டினார்.

"கவலைப்படாதீங்க. நேத்தைய பேக்கப் இருக்குல்ல?"

மேனேஜர் பெருமிதத்தோடு கோப்பைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு வருஷ வெற்றிகள். இன்ஜினியர் புரட்டினார். இந்த மாதிரி ஒழுங்கைத் தென்மாவட்டங்களில் பார்த்ததே இல்லை என்றார். ராதாமணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப் எங்க?"

அவசரக் கூட்டம் கூடியது. பெட்டகத்தைத் திறக்கத் தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. கோச்சடையிலிருந்து சாவி காரில் வந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்த டேப்பை இரண்டு கையாலும் ஏந்தி மேனேஜர் கொண்டுவந்தார். இன்ஜினியர் அதைப் போட்டு மீட்புக் கட்டளையைத் தட்டினார். டேப் அழகாகச் சுழன்றது. ஒரு பிழைகூட இல்லை. இப்படிப் புத்தம்புதிதாக ஒரு டேப்பை வைத்திருந்ததற்காக இன்ஜினியர் மறுபடியும் பாராட்டினார்.

"பட்டியலை எடுத்துரு" என்றார் தலைவர்.

போதுமான நாள் வந்த பதிலிகளின் பட்டியல் பிரின்டரிலிருந்து இறங்கியது. தலைப்பு, கோடு, ஒரே ஒரு பெயர், மறுபடி ஒரு கோடு.

மேனேஜர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னய்யா போட்டிருக்கு?"

"உங்க பேருதான் தலைவரே."

"நம்ம பேரா? நாம எப்ப நூல் சுத்துனோம்?"

ஏ.சி. இல்லாத அறையில் எல்லோருக்கும் நன்றாக வியர்த்தது. அதிகாரிக்கு மட்டும் குளிர்ந்திருக்கும்.

ராதாமணி சொன்னாள். டேப் திறப்பு விழாவன்றைக்கானது என்று. அதற்குப் பிறகு எதுவுமே நகல் எடுக்கப்படவில்லை என்று. வார்த்தை ஒன்றும் தவறவில்லை. ஆறு வருஷம் வாசலில் நின்ற பெண்களிடம் போய் மறுபடி கேட்கலாம், மேஸ்திரிகளுக்கு ஞாபகம் இருக்கும், கூலிப் பட்டுவாடா செய்தவர்களுக்குத் தெரியும் என்றும் சொன்னாள்.

"மேஸ்திரி வாயால சொல்றதுக்கா இம்புட்டு லட்சம் போட்டு மெஷின் வாங்குனோம்?" என்றார் காசிமாயன். அவர் முகம் மெதுவாகத் தெளிந்துகொண்டிருந்தது. நிரந்தரம் கொடுக்க வேண்டிய ஆட்கள் யாரும் பட்டியலில் இல்லை. இது ஒரு துக்கச் செய்தி அல்லவென்று முதலில் கண்டுகொண்டவர் அவர்தான்.

கூட்டம் அங்கேயே தொடர்ந்தது. மெஷின் மேல் குற்றமில்லை. டேப் மேல் குற்றமில்லை, அது தன்னிடம் தந்ததைத் தந்தபடி திருப்பித் தந்தது. பெட்டகம் கடமை தவறவில்லை. கம்ப்யூட்டர் பட்டியலே இறுதியானது என்ற முந்தைய அறிவிப்பைக் குழு உறுதி செய்கிறது. பட்டியலில் இடம்பெறாத பதிலிகள், "புதிய உற்சாகத்துடன் முதல் நாளிலிருந்து தொடங்கலாம்." கைதட்டல். தேநீர். டேப் மறுபடியும் பெட்டகத்துக்குள் போயிற்று.

மறுநாள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியது. ஆங்கில எழுத்து. பெண்கள் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராதாமணியிடம் வந்தாள். தலைக்குக் குளித்துப் புதுச் சேலை உடுத்தியிருந்தாள்.

"ஒரே வரிதான் இருக்கு. நாந்தான் மொத ஆளுன்ன. அப்ப நான் மட்டுந்தானா? பாவம், மத்தவளுக."

இந்த முறை நாக்கு முந்தவில்லை. ராதாமணி சேலையைப் பார்த்தாள், ஒச்சாயியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்து உள்ளது உள்ளபடி வாசித்தாள்.

ஒச்சாயியும் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்ன."

"அது சொல்லலை ஒச்சாயி. நான் சொன்னேன். நகல் எடுக்கவே இல்லை. எடுத்ததா எழுதி வெச்சது நான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

ஒச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்ற கூட்டத்தை நோக்கிப் போனாள். அடுத்த ஷிஃப்டுக்கு மேஸ்திரி ஆள் எடுக்கிற நேரம். நின்று கை தூக்கினாள். அன்று அவர் விரல் வேறு பக்கம் நீண்டது.

ராதாமணி அறைக்கு வந்து, பழைய டிஸ்கோடு போய்விட்ட ஸ்கிரிப்டை நினைவிலிருந்து வரிக்கு வரி திரும்ப எழுதினாள். முதல் வரியை வெட்டினாள். கடைசியில், சோதனைக்கு அப்புறம், ஒட்டினாள். 'நல்'லை எடுத்துவிட்டாள். அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், புது டிஸ்க் மாட்டிய மெஷின், தலைவர் உட்பட எல்லோர் முன்னிலையிலும் "டேப் இல்லை" என்றது.

அவளுக்கு வந்த குறிப்பாணை ஒரே பத்திதான். "இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்த வெற்றி, தற்காலிக ஊழியரான தாங்கள் கை வைத்த தினத்திலிருந்து வரவில்லை. காரணம் கூறவும்." காரணம் கூறினாள். அது கோப்பில் சேர்க்கப்பட்டது. அவள் நீக்கப்பட்டாள். புதிதாக வந்த பையன் கெட்டிக்காரன், அந்த வரியை அன்றே பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

நீக்கப்பட்ட அன்று வீட்டில் அம்மா வழக்கம் போல, "எல்லாம் சௌகரியம்தானே" என்று கேட்டாள். ராதாமணி வாய் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "இல்லைம்மா" என்றாள். விளக்கு வைக்கும் நேரம்தான். விளக்கு அணைந்துவிடவில்லை.

பட்டியல் மட்டும் பலகையில் வெகுநாள் இருந்தது. அதைப் பிழை என்று சொல்கிறவர்கள் கம்ப்யூட்டரை அறியாதவர்கள். அந்த ஆலையில் மேனேஜர்கள் மாறினார்கள், மேஸ்திரிகள் மாறினார்கள், வாசலில் கை தூக்கும் கூட்டத்தில் முகங்கள் மாறின. தலைவர் தேர்தல் மூன்று முறை தள்ளி வைக்கப்பட்டது. நிரந்தரமாக இருக்கப்போவது யார் என்று யாரைக் கேட்டிருந்தாலும் தயங்கியிருப்பார்கள். மெஷின் தயங்கவில்லை. ஒரே பெயரைச் சொன்னது, அதைச் சரியாகவும் சொன்னது.